ஆணி மரத்துக்கு எந்த பிளேடு

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "ஒரு பிளேடு குடுங்க" என்றுதான் கேட்பார்கள். எதற்கு என்று கேட்டால், "மரம் அறுக்கத்தான்" என்பார்கள். பின்னே சவரமா பண்ணப்போகிறார்கள்? என்ன மரம், பச்சையா காய்ந்ததா, நீளவாக்கிலா குறுக்கிலா, எந்த மிஷின், அதில் மாட்டுகிற ஓட்டை எவ்வளவு என்று ஒவ்வொன்றாக நான்தான் பிடுங்கி எடுக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்குள் முகத்தைச் சுளித்துவிடுவார்கள். "இன்னாக்கா, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி விசாரிக்கிற? பஸ் ஸ்டாண்டு கடையில கேட்டா பேசாம எடுத்துக் குடுத்துடுறான்" என்றான் ஒருவன். அங்கேயே போடா என்று அனுப்பிவிட்டேன்.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் ரோட்டில் இருக்கிறது எங்கள் மில். முன்பக்கம் பிளேடு விற்கும் கடை, பின்பக்கம் மரம் அறுக்கும் கொட்டகை. நைனா ஆரம்பித்தது. அவர் போன பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு பொம்பளை மில் நடத்துவதா என்று ஆரம்பத்தில் வாயைப் பிளந்தவர்கள் இப்போது பழகிவிட்டார்கள். என் வாய்க்குத்தான் இன்னும் பழகவில்லை.

பிளேடு விஷயம் ஒன்றும் பெரிய சாஸ்திரம் இல்லை. மரத்தின் நார் ஓடும் திசையிலேயே அறுப்பதற்குப் பல் குறைவாக, இடைவெளி அகலமாக இருக்க வேண்டும். தூள் நிறைய வரும், அது வெளியேற வழி வேண்டும். நாரைக் குறுக்கே வெட்டுவதற்குப் பல் நெருக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய விளிம்பு நாய் கடித்தது போல இருக்கும். பிளைவுட்டுக்கும் மைக்கா ஒட்டிய பலகைக்கும் இன்னும் நெருக்கம். பிளைவுட் பிளேடை மாட்டி வேப்பம்பலகையை நீளவாக்கில் அறுத்தால் மரம் கருகி நாறும், மோட்டார் முக்கும். அப்போது மரத்தைத் திட்டுவார்கள், கரண்ட்டைத் திட்டுவார்கள், கடைசியில் என்னிடம் வந்து பிளேடு சரியில்லை என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். புது பிளேடு மொக்கை என்று ஒருவன் சண்டைக்கே வந்தான். போய்ப் பார்த்தால் பிளேடைத் திருப்பி மாட்டியிருக்கிறான், பல்லெல்லாம் பின்பக்கம் பார்க்கிறது. சுற்றும் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கிறதே, உன் கண் எங்கே போயிற்று என்றேன். "அது டிசைன்னு நெனச்சேங்க்கா" என்றான்.

இதைவிட எனக்கு ஆத்திரம் மூட்டுவது, டைல்ஸ் வெட்டுகிற கை மிஷினில் மரப் பிளேடை மாட்டுவது. இந்தப் பக்கத்துத் தச்சர்கள் கையில் அது இல்லாமல் பார்ப்பது அரிது. அது சுற்றும் வேகம் வேறு, மரப் பிளேடு தாங்கும் வேகம் வேறு. பிளேடின் முகத்திலேயே எவ்வளவு வேகம் தாங்கும் என்று எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. பெரிய பிளேடு உள்ளே போகவில்லை என்றால் கையைக் காக்கிற தகட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் அட்டையைச் சுருட்டித் திணிப்பார்கள். ஆயுத பூஜை அன்று அதே மிஷினுக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பூஜை முடிந்ததும் மறுபடி தகடு இல்லாமல் ஓட்டுவார்கள். சாமி காப்பாற்றும்போது தகடு எதற்கு?

ஆனால் பிளேடுக்கு முதல் எதிரி ஆணி. பிளேடில் முழுக்க எஃகில் செய்த ரகம் ஒன்று. பல் சீக்கிரம் மழுங்கும், ஆனால் அரம் போட்டுத் தீட்டிக்கொள்ளலாம், ஆணியில் பட்டாலும் ஓரளவு தாங்கும். பல் நுனியில் எஃகைவிடக் கடினமான கார்பைடு வைத்தது இன்னொரு ரகம். கூர் வெகுநாள் நிற்கும், ஆனால் ஆணியில் பட்டால் கண்ணாடி மாதிரி துண்டு பறக்கும், யார் கண்ணுக்குப் பறக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ரோட்டோர மரம் வந்தால் நான் முதலில் ஆணியைத்தான் தேடுவேன். ரோட்டோர மரத்தை நம் ஆட்கள் மரமாக நினைப்பதில்லை, சுவராக நினைக்கிறார்கள். மனை விற்பனை, டியூஷன், மூலத்துக்கு வைத்தியம், கட்சிக்காரன் பிறந்தநாள், எல்லாவற்றையும் தகரத்தில் எழுதி அதன் மேல் அடிப்பார்கள். தகரம் விழுந்துவிடும், ஆணி நிற்கும். மரம் பாவம், பட்டையை வளர்த்து அதை மூடிக்கொள்ளும்.

ரோட்டை அகலப்படுத்துவதற்காக அவலூர்பேட்டைப் பக்கத்தில் ஒரு கோயிலுக்கு எதிரே நின்ற புளியமரத்தை வெட்டினார்கள். அடிமரத்தை நான் வாங்கினேன். புளியங்கட்டை கறிக்கடைக்குப் போகும். எத்தனை வெட்டு வாங்கினாலும் சிராய் பெயர்ந்து கறியில் ஒட்டாது. வட்டம் வட்டமாகத் துண்டு போட்டால் கடைக்காரர்கள் தேடி வந்து எடுத்துப்போவார்கள்.

லாரியிலிருந்து இறக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. விளம்பர ஆணி ஆளுயரத்துக்கு மேலே இருக்கும், தூரத்திலிருந்து தெரிய வேண்டுமே. இதில் மேலே ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே, ஒரு பொம்பளையின் தலை உயரத்தில், மரத்தைச் சுற்றிலும் பட்டை முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது.

எங்களிடம் மிஷின் ஓட்டுகிறவர் ஒரு பாய், நைனா காலத்து ஆள். அவரும் தடவிப் பார்த்தார். "ஆணி மரம்மா இது. நல்ல நாடா வேணாம், பழசையே மாட்டிடுறேன்" என்றார். பெரிய மரம் அறுக்கும் மிஷினில் பிளேடு வட்டமாக இருக்காது, இரண்டு சக்கரத்துக்கு நடுவே பெல்ட் போல ஓடும். அதைத்தான் நாடா என்போம். ஆணி மரத்துக்கென்றே ஒரு பழைய எஃகு நாடா வைத்திருக்கிறோம். பல் அகலம், போனால் போகட்டும் என்கிற ரகம். அதை மாட்டி மெதுவாகத் தள்ளினார். சத்தம் மாறியதும் நிறுத்திவிட்டார். அறுத்த முகத்தில் வெளிர் மஞ்சள் மரத்தின் மேல் மை கொட்டினாற்போல் கருநீலக் கறை. இரும்பு தங்கிய புளியமரம் அப்படித்தான் கறுத்துப்போகும். உளியை வைத்துப் பிளந்தோம். ஆணி இருந்தது. அந்த ஆணியில் சுற்றிக் கட்டிய முடி இருந்தது, நீளமான பொம்பளை முடி, மரத்தின் ஈரம் ஊறிப் பிசுபிசுத்துப்போய்.

வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வீட்டில் முடிவு பண்ணிவிட்டால், பூசாரி வேப்பிலையால் அடித்து, நீ யார், எந்த ஊர் என்று மிரட்டி, கடைசியில் அவளைப் புளியமரத்துக்கு இழுத்துவருவார். உச்சந்தலை முடியில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி மரத்தில் அடித்து, முடியை அறுத்துவிடுவார். பேய் முடியோடு மரத்தில் தங்கிவிட்டது, பெண் வீட்டுக்குப் போகலாம். அதனால்தான் அந்த உயரம். மரம் நுனியில்தான் உயரும், ஆணி அடித்த இடத்திலேயே நிற்கும். அந்த முடிச்சு ஒவ்வொன்றும் ஒருத்தியின் தலை நின்ற இடம். அதில் ஒரு ஆம்பளைத் தலைகூட இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். பேய்க்கும் ஆம்பளை என்றால் பயம் போலிருக்கிறது.

"பேய்க்கு வாக்கப்பட்டவ புளியமரம் ஏறணும்பாங்க. நமக்குப் புளியமரமே லாரி ஏறி வந்துடுச்சு" என்று பாய் சிரித்தார். சிரித்துக்கொண்டே உளியைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்க இல்லம்மா. ஆனா என் கையால வேணாம்."

ஆளுக்கு நம்பிக்கை இல்லை, கைக்கு மட்டும் இருக்கிறது. ஆணிகள் இருந்த பகுதிக்கு மேலேயும் கீழேயும் அறுத்து அதைத் தனியாக எடுத்துப்போட மட்டும் ஒத்துக்கொண்டார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான அந்தக் கட்டையைச் சுவரோரம் உருட்டி வைத்தோம். மற்றதெல்லாம் சுத்தமான மரம், அழகாகத் துண்டு விழுந்தது.

மறுநாள் காலையில் ஒரு அம்மாள் வந்தார். என் வயதுதான் இருக்கும். மரம் போன வழியைக் கேட்டுக் கேட்டு பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"அந்தப் புளியமரம் இங்கதான இருக்குது? அறுத்துட்டீங்களா?"

"அறுக்கத்தான வாங்கினேன்."

"எங்க மருமவளது அதுல இருக்குதும்மா" என்று தன் தலைக்கு நேரே கையை வைத்துக் காட்டினார். "கல்யாணமாகி வந்த புதுசுல பேயாட்டம் ஆடிட்டா. ஆணி அடிச்ச பொறவுதான் வீடு வீடா இருக்குது. கட்டைய அறுத்து அது வெளிய வந்துடுச்சுன்னா எங்க கதி இன்னா? உங்க கால்ல வேணா விழறேன், அப்படியே விட்டுடுங்க."

சீ, நீயும் ஒரு பொம்பளைதானே என்று கேட்டேன். உன் மகளாக இருந்தால் மரத்தில் வைத்து அடிப்பாயா என்று கேட்டேன். இன்றைக்கே அறுத்து வெந்நீர் காய்ச்சப்போகிறேன், வேண்டுமானால் வந்து குளித்துவிட்டுப் போ என்றும் சொன்னேன். அந்த அம்மாள் வாசல் மண்ணை ஒரு பிடி எடுத்துத் தன் தலையைச் சுற்றிப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பாய் ஓட்டமாட்டார், நானே ஓட்டிவிடுகிறேன் என்று முடிவு பண்ணினேன். பழைய நாடாவைக் கழற்றி, உடைந்த பல்லைப் பார்த்து, மற்றதை அரம் போட்டுத் தீட்டி, மறுபடி மாட்டி, தொய்வில்லாமல் இருக்கிறதா என்று இழுப்பைச் சரிபார்த்தேன். கட்டையைத் தள்ளுமேசை மேல் ஏற்றியாயிற்று. அந்த நேரத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் காலேஜ் பை, வெயிலில் முகமெல்லாம் வேர்வை.

"அக்கா, காலைல எங்க மாமியார் வந்தாங்களா?"

எனக்கு அவ்வளவு சந்தோஷம். பாயை டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, அவளை உட்காரவைத்தேன். "நல்ல நேரத்துலதான் வந்த. வா, உன் கையாலயே சுவிட்சப் போடு" என்றேன்.

"அறுக்காதீங்கக்கா" என்றாள்.

"நீயுமா? படிச்ச பொண்ணுதான நீ?" என்றேன். என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்கே தெரியும்.

"எனக்குப் பேயும் புடிக்கல, ஒரு மண்ணும் புடிக்கல" என்றாள் அவள். "நர்சிங் படிச்சிக்கினு இருந்தேன். பாதியில நிறுத்திட்டுக் கட்டி வச்சிட்டாங்க. முடிச்சிடுறேன், அனுப்புங்கன்னு எத்தினியோ தடவ கேட்டேன். யாரும் காது குடுக்கல. ஒரு நாள் தாங்க முடியாம சோத்துத் தட்டத் தூக்கிப் போட்டுக் கத்திட்டேன். அவ்ளோதான், பேய்னுட்டாங்க. அதுக்கப்புறம் நான் இன்னா பேசுனாலும் பேய் பேசுதுன்னாங்க. தண்ணி குடுங்கன்னாகூட, தண்ணி கேக்குது பாருன்னு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்குவாங்க."

டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். குடிக்கவில்லை.

"ஆணி அடிச்சாங்க. வலிச்சுதுக்கா, அசிங்கமா இருந்துது. கொஞ்ச நாள் கழிச்சு திருப்பியும் அதேதான் கேட்டேன், படிக்கப் போறேன்னு. எங்க வீட்டுக்காரர் இன்னா சொன்னாரு தெரியுமா? 'பேயத்தான் மரத்துல வச்சாச்சே, இப்ப இவதான கேக்குறா'ன்னாரு. மாமியாரும் ஒண்ணும் சொல்லல. சேத்துவுட்டாங்க. இப்ப கடைசி வருஷம், பரீட்ச மட்டும் பாக்கி இருக்குது."

"சரி, அதுக்கு இந்தக் கட்டை எதுக்கு?"

"ஆணி அதுல இருக்குற வரைக்கும் நான் கத்துனாகூட அது நான்தான். அது போயிடுச்சுன்னா, நான் மெதுவா பேசுனாகூட பேய்தான். திருப்பி இழுத்துக்கினு போவாங்க. பரீட்ச எழுத வுடுவாங்களா?"

அதுவரை என் அருவருப்புக்கு ஆள் இருந்தது. பூசாரி இருந்தார், மாமியார் இருந்தார், மண்ணைச் சுற்றிப் போட்ட அந்தக் கை இருந்தது. இப்போது அதே ஆணியை நான் காவல் காக்க வேண்டும் என்கிறாள் இவள். ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட இல்லை என்று சொல்ல முடியவில்லை. பரீட்சை எப்போது என்று கேட்டேன். தீபாவளிக்கு முந்தி முடிந்துவிடும் என்றாள். அதற்குப் பிறகு வேலை கிடைத்துவிட்டால் அவளே வந்து சுவிட்சைப் போடுவதாகச் சொன்னாள். நான் மிஷின் மேலிருந்து கட்டையை இறக்கினேன்.

சாயங்காலம் மாமியார் மறுபடி வந்தார். அறுத்தாயிற்றா என்று கேட்கக்கூடப் பயந்து கொட்டகைக்கு வெளியே நின்றார்.

"அறுத்துப் பாத்தேம்மா. ஏறவே இல்ல" என்றேன். "இருக்குற பிளேடெல்லாம் மாட்டிப் பாத்துட்டேன். இந்தக் கட்டைக்கு பிளேடே கிடையாது."

இந்த மரத்துக்கு இந்த பிளேடு என்று ஊரையே நிற்கவைத்துத் திட்டுகிற வாய் அது. பின்னால் பாய் நாடாவைத் துடைத்துக்கொண்டே இருமினார். அந்த அம்மாள் கட்டையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் என்னையும் கையெடுத்துக் கும்பிட்டார். என்னை யாரும் அவ்வளவு அசிங்கப்படுத்தியது இல்லை.

கும்பிட்டவர் சும்மா இருப்பாரா? பிளேடு ஏறாத கட்டை என்று பேச்சு பரவிவிட்டது. முதல் வெள்ளிக்கிழமை யாரோ மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் எலுமிச்சம்பழம் வந்தது, பால் வந்தது. ஊற்றின பால் மரத்தூளில் இறங்கிப் புளித்து, பழம் அழுகி, ஈ மொய்த்து, கொட்டகையே குப்பைத்தொட்டி மாதிரி நாறியது. தினமும் காலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு வாரிக் கொட்டினேன். மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் ஒருத்தி கற்பூரம் கொளுத்தினாள். மொத்த மில்லும் எரிந்துபோகும் என்று கத்தியதற்கு, "அது இருக்கும்போது எப்படிம்மா எரியும்?" என்று என்னையே கேட்டாள். செஞ்சிக் கோட்டை பார்க்க வந்த டூரிஸ்டுகளை ஆட்டோக்காரர்கள் இங்கேயும் கூட்டிவந்தார்கள். போதாததற்கு, பிளேடைத் திருப்பி மாட்டின அந்த மகானுபாவன் ஒருநாள் வந்து, "ஒரு புளியங்கட்டையவே அறுக்காதாமே உங்க பிளேடு, வேற கம்பெனி இல்லியா?" என்றான்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். காலையில் காலேஜுக்குப் போகும் பஸ் எங்கள் மில்லைத் தாண்டும்போது அந்தப் பெண் ஜன்னலோரமாக எட்டிப் பார்ப்பாள். கட்டை இருக்கிறது என்று நான் தலையை ஆட்டுவேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒருத்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் பள்ளிக்கூடச் சுடிதாரில் இருந்தாள், ப்ளஸ் டூ படிப்பாள் போலிருக்கிறது. அம்மாவின் கையில் ஒயர் கூடை. அதில் தேங்காய் பழத்தோடு ஒரு சுத்தியலும், காகிதத்தில் சுற்றின புது ஆணியும் இருந்தன.

"மரத்தத்தான் வெட்டிட்டாங்களே, கட்ட இங்க இருக்குதுன்னாங்க" என்றாள். "பூசாரி வெளிய ஆட்டோல இருக்காரு. ஒரே ஒரு ஆணிதாம்மா."

"இன்னா பண்ணிச்சு பொண்ணு?"

"புக்கத் தொடறது இல்ல. போனப் பாத்துக்கினு தனியா சிரிக்குது. கேட்டா எதுத்துப் பேசுது."

"நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் மகள். கத்தவில்லை, அழவில்லை. பஸ் நேரம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

அம்மா என் பக்கம் குனிந்து, "கேட்டீங்களா, அதுதான் பேசுது" என்றாள்.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. அந்த நர்சிங் பெண்ணின் பரீட்சையும் நிற்கவில்லை, பஸ் ஜன்னலும் நிற்கவில்லை. கூடையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி மரத்தூளில் வீசினேன். எலுமிச்சம்பழங்களைக் காலால் எத்தினேன். அந்தக் கட்டையில் ஒரு எழவும் இல்லை, நான் சொன்னது பச்சைப் பொய், எஃகு நாடாவைப் போட்டு மெதுவாகத் தள்ளினால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இரண்டாகப் போய்விடும், இப்போதே அறுத்துக் காட்டுகிறேன் பார் என்று கத்தினேன். எவளுக்கும் பேய் பிடிக்கவில்லை, உங்களுக்குத்தான் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று கத்தினேன். கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. ஒதுக்கிவிட்டுக்கொண்டு மறுபடி கத்தினேன். பாய் மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா மகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள். நான் சொன்னதில் ஒரு சொல்கூட அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"பாவம், பக்கத்துலயே வச்சிக்கினு இருக்காங்க இல்ல" என்று பாயிடம் மெதுவாகச் சொன்னாள். "இந்தம்மாவையும் புடிச்சிக்கிச்சு."

நான் கத்தக் கத்த, அவள் முகத்தில் இருந்த பயம் போய் இரக்கம் வந்துகொண்டே இருந்தது.